பதினாறடிச் சாமந்தி

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் பூந்தென்றல் நகரில் ஒரு வழக்கம். வாசலில் அழகுக்கு வாங்கி வைத்த சாமந்தித் தொட்டிகளில் பூ வாடியதும் செடியை வேரோடு பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிடுவார்கள். காலித் தொட்டியில் கற்பூரவல்லி குடியேறும். அடுத்த மார்கழியில் மறுபடி நர்சரி, மறுபடி புதுச் செடி.

இந்தக் கொடுமையைத் தடுத்து நிறுத்தியவர் ஜானகிராமன். அந்த எண்ணம் அவருக்கு வந்தது செடிகள் மேலிருந்த இரக்கத்தால் அல்ல. சிவசங்கரி டீச்சர் கேட்ட ஒரு கேள்வியால்.

புதுச்சேரி மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நான்கு குறுக்குத் தெருக்களோடு முடிந்துவிடும் அந்த நகருக்கு ஒன்பது வருடமாக ஜானகிராமன்தான் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். அரசு வேலையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அங்கே செலவழிக்காமல் மிச்சம் பிடித்த கண்காணிப்பை எல்லாம் நகரின் மேல் இறக்கிக்கொண்டிருந்தார். வருடா வருடம் பொங்கல் விழா மேடையில் தலைவர் தேர்தல் நடக்கும். "போட்டி உண்டா?" என்று அவரே மைக்கில் கேட்பார். கீழே எல்லோரும் தொன்னையில் இருக்கும் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி தேடிக்கொண்டிருப்பார்கள். "இல்லை" என்று அவரே பதிலும் சொல்லி மாலையைப் போட்டுக்கொள்வார்.

போன வருடம் அப்படிக் கேட்டபோதுதான் சிவசங்கரி டீச்சர் எழுந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது குறுக்குத் தெருவின் முனை வீடு அவருடையது.

"போட்டியெல்லாம் இல்ல தலைவரே. ஒரு சந்தேகம். ஒம்போது வருஷத்துல நகருக்குன்னு நீங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்களேன், கேட்டுக்குறோம்."

முந்திரி தேடிய கைகள் நின்றன. ஜானகிராமன் யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒன்றும் அகப்படவில்லை. மேடையைச் சுற்றிப் பார்த்தார். மேடை ஓரத்தில் வாடத் தொடங்கிய சாமந்தித் தொட்டிகள் இருந்தன.

முந்தின நாள்தான் பிரான்சிலிருந்து மைத்துனர் இராமதாஸ் வீடியோவில் பேசியிருந்தார். "என்னா மாப்ள ப்ரெசிதான்!" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். தலைவர் என்பதற்கு அந்த ஊர்ச் சொல். அது கேலி என்பது ஒன்பது வருடமாக ஜானகிராமனுக்குப் புரியவில்லை. பேச்சுவாக்கில் இராமதாஸ் சொன்னது இது: அங்கே சாமந்தியை ஒரு பருவத்தோடு தூக்கிப் போட மாட்டார்களாம். பனியில் மேலே எல்லாம் கருகிப்போகும், வேர் உயிரோடு கிடக்கும், அடுத்த வருடம் தானாகத் தழைத்துப் பூக்கும். வருடக்கணக்கில் அதே செடி.

ஜானகிராமன் மைக்கை வாங்கினார்.

"சாமந்தி ஒரு பல்லாண்டுத் தாவரம்! நாம என்னா பண்றோம்? வருஷா வருஷம் கொலை பண்றோம். இனிமே ஒரு செடிகூட குப்பைக்கு போகக்கூடாது. அத்தனையும் என்கிட்ட குடுங்க. அடுத்த பொங்கலுக்கு இந்த மேடைக்கு, பூசைக்கு, நம்ம வீட்டு பொம்பளைங்க தலைக்கு, எல்லாத்துக்கும் நம்ம நகர் பூ. வரலன்னா இந்த நாற்காலிய விட்டு எறங்கிடுறேன்."

"மினிட்ஸ்ல எழுதிக்கலாமா தலைவரே?" என்றார் டீச்சர்.

"தாராளமா எழுதுங்க!"

வீட்டுக்கு வந்ததும் மனைவி அஞ்சலாட்சி சொன்னாள்: "எங்க அண்ணன் சொன்னதுல பாதிய முழுங்கிட்டீங்க. அந்த ஊர்ல இந்தப் பூவ கல்லறையில வெக்கத்தான் வாங்குவாங்களாம்."

"அது எதுக்கு நம்ம ஊருக்கு?"

"ஊருக்கு சொல்லல. உங்க நாற்காலிக்கு சொன்னேன்."

மறுநாளே அறுபது செடிகள் வந்து சேர்ந்தன. டீச்சர் மட்டும் கொடுக்கவில்லை. "ஒரே ஒரு தொட்டி. அதை நானே பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார்.

எங்கே நடுவது? நகருக்குப் பொது இடம் என்று ஒன்று இருந்தது. பாதுகாப்பு, தண்ணீர் வசதி, காற்றோட்டம் ஆகிய அனைத்தையும் ஜானகிராமன் நடுநிலையாகப் பரிசீலித்தார். முடிவில் தன் வீட்டு மதில் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தார். இருபத்துநாலு அடி நீளப் பாத்தி.

ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் உழைத்தார். பூத்து முடிந்த தண்டுகளை நாலு விரல் உயரம் விட்டு வெட்டினார். அடியிலிருந்து கிளம்பிய பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டார். கத்திரி வெயிலில் தென்னங்கீற்று கட்டி நிழல் கொடுத்தார். செடி சாண் உயரம் வளரும்போதெல்லாம் நுனியைக் கிள்ளிக் கிளை பிரிய வைத்தார். மழைக்காலத்தில் வேர் அழுகாமல் இருக்கப் பாத்தியை முழங்கால் உயரம் மேடாக்கினார். தபால்காரர், கேஸ் கொண்டுவருபவர், வழி கேட்டு வந்தவர் என யார் மாட்டினாலும் கால் மணி நேரம் பல்லாண்டுத் தாவரம் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். அந்தத் தெருவுக்கு வழி கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

செப்டம்பரில் பாத்தி பச்சைப் பசேலென்று புதராக நின்றது. ஜானகிராமனுக்கு ஒரே ஒரு குறை. நகர் மக்கள் வேலையிலிருந்து திரும்புவதும், வாக்கிங் போவதும் இருட்டிய பிறகு. அப்போது பாத்தி யார் கண்ணிலும் படவில்லை.

தெருவிளக்கு வேண்டும் என்று விண்ணப்பித்தார். புதுக் கம்பம் இப்போதைக்கு இல்லை, வேண்டுமானால் இருப்பதை இடம் மாற்றலாம் என்றார்கள். இருப்பது மூன்றாவது குறுக்குத் தெரு முனையில், வாய்க்கால் ஓரம் நின்ற விளக்கு. பிள்ளைச்சாவடியிலிருந்து மாலையில் மீன் கூடையோடு வரும் சின்னப்பொண்ணு அந்த வெளிச்சத்தில்தான் உட்கார்ந்து விற்பாள். ஜானகிராமன் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். 'இருள் சூழ்ந்த எங்கள் பகுதியில் விளக்கு இல்லையெனில் பெண்கள், முதியோர் உயிருக்கே ஆபத்து.' தலைவர் ஏதோ காகிதம் நீட்டுகிறார் என்று நூற்றிரண்டு பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். படித்தால் அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

பத்து நாளில் விளக்கு இடம் மாறியது. ஜானகிராமன் வீட்டு வாசல் கல்யாண வீடு மாதிரி பளீரென்றானது. முனை இருண்டது.

"செவுளத் தூக்கி காட்றேன், ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல அய்யா" என்று சின்னப்பொண்ணு வந்து நின்றாள். "இருட்டுல விக்கிறது பழைய மீன்னு நெனச்சிக்கிட்டு போயிடுறாங்க."

"நீ கொஞ்சம் வெள்ளனவே வந்துடு."

"நான் வந்துடுவேன். மீனு வரணுமே."

அடுத்த வாரம் சிவசங்கரி டீச்சர் வாய்க்காலில் கால் விட்டார். கணுக்கால் வீங்கி இரண்டு மாதம் கட்டு. ஜானகிராமன் ஆரஞ்சுப் பழத்தோடு போய், "பாத்து நடக்கணும் டீச்சர்" என்று அறிவுரை சொல்லிவிட்டு வந்தார்.

தீபாவளி போனது. நவம்பர் பிறந்தது. பாத்தியில் ஒரு மொட்டு இல்லை. இலை இருந்தது, இலைக்கு மேல் இலை இருந்தது. மொட்டு மட்டும் இல்லை. ஜானகிராமன் கடலைப் பிண்ணாக்கு ஊற வைத்து ஊற்றினார். முட்டை ஓடு தூவினார். மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினார். நாலு பூனைகள் நிரந்தரமாக வந்து தங்கின. மொட்டு வரவில்லை.

ஒரு காலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் டீச்சர் ஒரு படம் போட்டார். கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் அவருடைய ஒற்றைத் தொட்டி. அதில் பட்டாணி பட்டாணியாக எண்ண முடியாத மொட்டுகள். கீழே 'இனிய காலை வணக்கம்' என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. அந்தக் கண்ணியம்தான் ஜானகிராமனுக்குப் பொறுக்கவில்லை.

நாற்காலி ஆடத் தொடங்கியது நன்றாகத் தெரிந்தது. சாலையோர நர்சரியில் வேலை பார்க்கும் அன்புசெல்வியைக் கூப்பிட்டு அனுப்பினார். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் அவள் கிராமம். அவள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பூ விவசாயம்.

வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள், மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். "செடி சூப்பரா இருக்குது அய்யா. ஒரு கொறையும் இல்ல" என்று அவள் சொல்லி முடிக்கும்போது தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அன்புசெல்வி அண்ணாந்து பார்த்தாள். பிறகு பாத்தியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னாம்மா சிரிப்பு?"

"பாவம் அய்யா இதுங்க. பொழுதே சாயலன்னு நெனச்சிக்கிட்டு நிக்கிதுங்க. சாமந்திக்கு நீளமா இருட்டு வேணும். ராவு நீண்டாத்தான் மொட்டு வெக்கும். நீங்க விடிய விடிய பகலு காட்டிக்கிட்டு இருந்தா அது எப்படி பூக்கும்? யாரு அய்யா இங்க கொண்டாந்து வெளக்கு வெச்சது?"

ஜானகிராமன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "இனிமே என்னா பண்றது?"

"வெளக்க எடுத்துடுங்க. இன்னிலேருந்து இருட்டு குடுத்தாக்கூட பொங்கலுக்கு புடிச்சிடலாம்."

டீச்சர் தொட்டியின் ரகசியம் அவருக்கு அப்போது விளங்கியது. அந்த முனைக்கு அத்தனை நல்ல இருட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவரேதான்.

மறுநாள் தெருவிளக்குக்கு விண்ணப்பம் கொடுத்த அலுவலகத்துக்குப் போனார். இளநிலைப் பொறியாளர் கலைச்செல்வன் கோப்பை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரக்கப் படித்தார். "'பெண்கள், முதியோர் உயிருக்கே ஆபத்து.' நீங்க எழுதினதுதானே சார்?"

"ஆமா, ஆனா..."

"ஆபத்து போயிடுச்சிங்களா சார்? ரெண்டு மாசத்துல?"

"அது வந்து, ஒரு சின்ன தோட்டக்கலை பிரச்னை."

"சார், நூத்திரண்டு பேரு கையெழுத்து. படிக்கும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சி. எடுக்கணும்னா திரும்ப பொதுக்குழு கூட்டி, ஏன் எடுக்கணும்னு காரணம் எழுதி, எல்லாரும் கையெழுத்து போட்டு கொண்டாங்க. உடனே பண்ணிடலாம்."

பொதுக்குழுவைக் கூட்டிக் காரணம் சொல்வதற்குப் பதில் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் டீச்சர் வீட்டில் போட்டுவிடலாம். ஜானகிராமன் வீடு திரும்பினார்.

இருட்டை எடுத்துவர முடியாவிட்டால் போர்த்திவிடலாம். ஆனால் வெளிச்சம் ஊடுருவாத கனமான துணி வேண்டும். மாடி அறையைக் குடைந்தபோது அது கிடைத்தது. அவருடைய அறுபதாம் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். பதினாறு அடி நீளம், பின்புறம் கன்னங்கரேல். முன்புறம் கூப்பிய கையும் முறுக்கிய மீசையுமாக அவருடைய முகம். 'எங்கள் நகரின் நிரந்தரத் தலைவரே, வாழ்த்த வயதில்லை! இவண்: அன்பு உள்ளங்கள்.' அந்த அன்பு உள்ளங்கள் யாரென்று அச்சடித்த கடைக்காரருக்கும் ஜானகிராமனுக்கும் மட்டும்தான் தெரியும். கடைக்காரருக்கும் ஜானகிராமனை மட்டும்தான் தெரியும்.

மூங்கில் நட்டு அதைப் பாத்தி மேல் விரித்தார். பதினாறு அடி மறைந்தது. மீதி எட்டு அடிக்கு என்ன செய்வது?

"அஞ்சலாட்சி, ரெண்டு கெட்டிப் புடவ குடு."

"பட்டுப் புடவயா வேணும்?" என்று கேட்டபடி அவள் இரண்டு பழைய நைலான் புடவைகளைத் தூக்கிப் போட்டாள். ஒரு புடவை வழியாக இன்னொரு புடவையின் பூ டிசைன் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்தரைக்குப் போர்த்துவதும், காலை ஏழுக்கு எடுப்பதும் அவருடைய பூசையாகிப்போனது. கேட்டவர்களிடம் "பனி விழுது" என்றார். நவம்பரில் புதுச்சேரியில் விழுந்தது பனி அல்ல, அடைமழை. வானத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி கிடந்த தலைவரின் முகத்தில் குளம் கட்டியது. மழை விட்ட மாலைகளில் தெருநாய் ஒன்று மூங்கிலுக்கு நடுவே தொட்டில் மாதிரி தொங்கிய கன்னத்தில் ஏறிச் சுருண்டுகொண்டது. விரட்டினால் நெற்றிப் பக்கம் நகர்ந்து படுத்தது.

"ஒம்போது வருஷத்துல இதுக்காச்சும் ஒரு எடம் குடுத்தீங்க" என்றாள் அஞ்சலாட்சி.

டிசம்பரில் மொட்டு வந்தது. ஜானகிராமன் அழுதேவிட்டார். பொங்கலுக்குப் பாத்தி மஞ்சளாக வெடித்தது. அப்படி ஒரு மஞ்சளை நகர் பார்த்ததில்லை. ஆனால் அது பதினாறு அடிக்குத்தான். அதற்கப்புறம் கத்தியால் கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டது. மீதி எட்டு அடி வெறும் இலை.

விழா மேடை முழுக்க அந்தப் பூதான். அன்புசெல்விதான் வந்து கட்டி அலங்கரித்தாள். ஜானகிராமன் மைக்கை வாங்கினார்.

"சொன்னேன், செஞ்சேன். போன வருஷம் செத்துப்போச்சின்னு தூக்கிப் போட இருந்த அதே செடி!"

கைதட்டல் பலமாகவே இருந்தது. சிவசங்கரி டீச்சர் லேசாக நொண்டியபடி எழுந்தார். "வாழ்த்துகள் தலைவரே. ஒரு சந்தேகம். பதினாறு அடி பூத்திருக்குது. எட்டு அடி ஏன் பூக்கல?"

"அது வேற ரகம்."

பந்தலின் கடைசியில் மீன் கூடையோடு நின்ற சின்னப்பொண்ணு தொன்னையை நக்கிவிட்டுச் சொன்னாள்: "இதுல ரகம் எங்க இருக்குது அய்யா? உங்க மூஞ்சி மூடுன எடம் பூத்திருக்குது. சேல மூடுன எடம் பூக்கல. ரெண்டு மாசமா நானும்தான் பாக்குறேன்."

சிரிப்பு முதல் வரிசைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அன்புசெல்வியைப் பார்த்தார். "செல்வி, உனக்கு தெரிஞ்சத சொல்லும்மா."

"வெளிச்சம் பட்டா சாமந்தி மொட்டு வெக்காது டீச்சர். தீவாளி கழிச்சி வந்தப்பவே அய்யாகிட்ட சொல்லிட்டேனே, வெளக்க எடுத்துடுங்கன்னு" என்றாள் அவள், அதில் இத்தனை பேர் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது என்று புரியாமல்.

"அப்ப ரெண்டு மாசமா உங்களுக்கு தெரியும்" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. வகுப்பறைக் குரல். "தினம் அஞ்சரைக்கு வந்து பூவுக்கு இருட்டு போர்த்துனீங்க. எங்க முனைக்கு வெளிச்சம் வேணும்னு ஒரு நாளாச்சும் தோணுச்சா?"

ஜானகிராமனுக்குக் காது சூடானது. "மினிட்ஸ பாருங்க. பூ வரலன்னாத்தான் எறங்கறேன்னு சொன்னேன். பூ வந்துடுச்சி."

"நீங்க எறங்கவே வேணாம். வழக்கம்போல தேர்தல நடத்துங்க."

வழக்கம் என்றதும் அவருடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. "போட்டி உண்டா?"

தொன்னைகள் கீழே இறங்கின. "டீச்சர்!" என்று நாலைந்து குரல்கள் கேட்டன. கைகள் மேலே ஏறின. ஜானகிராமன் எண்ணவில்லை. ஒரே ஒரு கையைத்தான் தேடினார். அஞ்சலாட்சி கரண்டியோடு பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். கரண்டியை மெதுவாக இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினாள்.

சிவசங்கரி டீச்சர் புதிதாகக் கடிதம் எழுதிக் கஷ்டப்படவில்லை. ஜானகிராமனின் பழைய கடிதத்தையே எடுத்து, தெருவின் பெயரை மட்டும் மாற்றினார். 'பெண்கள், முதியோர் உயிருக்கே ஆபத்து' அப்படியே இருந்தது. இந்த முறை நூற்றிரண்டு பேரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பிப்ரவரியில் விளக்கு முனைக்குத் திரும்பியது.

ஜானகிராமன் செடிகளை நாலு விரல் விட்டு வெட்டினார். ஒரே வாரத்தில் அடியிலிருந்து பக்கக்கன்றுகள் எட்டிப் பார்த்தன. இருபத்துநாலு அடியிலும். இந்த வருடம் ஒரு போர்வையும் இல்லாமல் அத்தனையும் பூக்கும், பெயர் புதுத் தலைவருக்குப் போகும் என்று நினைத்தபோது இரண்டு செடியைப் பிடுங்கி எறியலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. மனசு வராமல் தண்ணீர்தான் ஊற்றினார்.

"முனைக்கு போயி கொஞ்சம் சங்கரா வாங்கிட்டு வாங்க" என்றாள் அஞ்சலாட்சி ஒரு மாலை.

முனையில் நல்ல கூட்டம். விளக்கு நேராகத் தலைக்கு மேல் எரிந்தது. சின்னப்பொண்ணு தரையில் பெரிய விரிப்பு போட்டு மீனைப் பரப்பியிருந்தாள். கிட்டே போனதும் ஜானகிராமன் நின்றுவிட்டார். விரிப்பிலிருந்து அவரே அவரைக் கும்பிட்டார்.

"உங்க வீட்டு அம்மாதான் எடுத்துக்கிட்டு போன்னு குடுத்தாங்க அய்யா" என்றாள் சின்னப்பொண்ணு. "கறுப்பு பக்கத்துல வெச்சா மீனு எடுப்பா தெரியல. அதான் இப்படி போட்டேன். என்னா வேணும்? மீசப் பக்கம் சங்கரா, நெத்தியில நெத்திலி, கும்புட்ற கையில எறா."

ஜானகிராமன் குனிந்து பார்த்தார். கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் அத்தனை துல்லியமாக விழுந்தது. மழையில் ஊறியும் நாய் படுத்தும் ஒரு புள்ளி சாயம் போகவில்லை. மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சின்னப்பொண்ணு, அந்த காரப்பொடி மீன மட்டும் கொஞ்சம் தள்ளி வையேன். எழுத்து மறையுது."

"தள்ளுனா 'தலைவரே'ன்னு தெரியுமே அய்யா" என்றாள் அவள், தராசைத் தூக்கிக்கொண்டே. "இப்ப டீச்சர்தானே?"

காரப்பொடி இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே இன்னும் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டாள்.